சிஸ்டர் என்றொரு சொல்

ஊரில் இப்போது இரவு ஏழரை மணி இருக்கும். இங்கே பாசலில் பிற்பகல் நான்கு. நேற்று இரவு டூட்டி முடித்து, தூங்கி எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நர்ஸ் பேச வந்தால் மருத்துவமனை அனுபவங்களைத்தான் எதிர்பார்ப்பீர்கள். நான் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லின் கதையைச் சொல்லப்போகிறேன். சிஸ்டர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல். ஆனால் எனக்கு அதை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. முதல் தடவை பள்ளிக்கூடத்தில், பிரதர் படத்துக்குப் பக்கத்துப் படமாக. இரண்டாம் தடவை நர்சிங் டிப்ளமோ படித்தபோது. வெள்ளைச் சீருடை போட்ட முதல் நாளே, என் தாத்தா வயதில் ஒருவர் கட்டிலில் இருந்து கையெடுத்துக் கும்பிட்டு "சிஸ்டர்" என்றார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கூட ஒழுங்காக உதறத் தெரியாது.

மூன்றாம் தடவை பாசலில். என் டிப்ளமோவை இங்கே அங்கீகரிப்பதற்கு முன் சில மாதங்கள் ஒரு மருத்துவமனையில் பயிற்சியாளாக வேலை பார்த்தேன். ஒரு நாள் வார்டு ஃபோனை எடுத்து, "ஷ்வெஸ்டர் பேசுகிறேன்" என்று ஜெர்மனில் சொன்னேன். ஷ்வெஸ்டர் என்றால் சிஸ்டர். அகராதியில் அப்படித்தான் இருந்தது. நர்சுக்குக் க்ராங்கன்ஷ்வெஸ்டர், அதாவது நோயாளிகளின் சகோதரி என்றும் போட்டிருந்தது. ஃபோனை வைத்ததும் மூத்த நர்ஸ் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோபம் எதுவும் இல்லாமல், "இங்கே நாம் யாருக்கும் சகோதரி இல்லை" என்றார்.

அன்று எனக்கு அழுகை வந்தது. இருபது வருடமாக என்னோடு ஒட்டியிருந்த பெயர் அது. அதை ஏன் இவர்கள் வேண்டாம் என்கிறார்கள்? அந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கியதுதான் இந்த உரை.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். தமிழில் சிஸ்டருக்குச் சமமான வீட்டுச்சொல் கிடையாது. அக்கா உண்டு, தங்கை உண்டு. வயதைச் சொல்லாமல் உடன்பிறந்தாளைக் கூப்பிட நமக்கு வழியில்லை. சகோதரி என்பது வடமொழியிலிருந்து வந்தது, ஒரே வயிற்றில் பிறந்தவள் என்று பொருள். அதை மேடையிலும் ஜெபக்கூட்டத்திலும் சொல்வோம், அடுக்களையில் சொல்லமாட்டோம். மருத்துவமனையில் இது பெரிய சிக்கல். எழுபது வயது ஆண், அறிமுகமில்லாத இருபது வயதுப் பெண்ணிடம் சிறுநீர்க் கோப்பை கேட்க வேண்டும். அவளை என்னவென்று கூப்பிடுவார்? தங்கச்சி என்றால் உரிமை கூடிவிடும். அம்மா என்றால் அவருக்கே கூச்சம். பெயர் தெரியாது. அந்த இடத்தில் சிஸ்டர் வந்து உட்கார்ந்தது. வயது இல்லை, சாதி இல்லை, உறவு இருக்கிறது, ஆனால் கை நீட்ட முடியாத உறவு. இதைவிடத் தோதான சொல்லை நம் ஆட்கள் வேறெங்கும் இரவல் வாங்கியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, ஆங்கிலேயர் இதை எங்கே பிடித்தார்கள்? லண்டனில் செயின்ட் தாமஸ், செயின்ட் பார்த்தலோமியு என்று இரண்டு பழைய மருத்துவமனைகள். இரண்டும் துறவிகளின் மடங்களாகத் தொடங்கியவை. 1530களில் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தார். கன்னியாஸ்திரிகள் போனார்கள், சொத்து கைமாறியது. மருத்துவமனைகளை நகரம் எடுத்து மறுபடி நடத்தத் தொடங்கியபோது, நோயாளிகளைப் பார்க்கச் சம்பளத்துக்குப் பெண்களை வைத்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு மேட்ரன். அந்தப் பெண்களின் பதவிப் பெயர் மட்டும் பழையபடியே இருந்தது, சிஸ்டர். விரதம் போன பிறகும் பெயர் போகவில்லை.

1860-ல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் இதே செயின்ட் தாமஸில்தான். அங்கிருந்து உலகம் முழுக்கப் போன ஏற்பாட்டில் சிஸ்டர் என்பது வார்டின் பொறுப்பாளர். அவருக்குக் கீழே ஸ்டாஃப் நர்ஸ், அதற்கும் கீழே பயிற்சி மாணவிகள். ஆங்கிலேயரின் காதுக்கு அது ஒரு பதவி, தாசில்தார் என்பதைப் போல. நாம் எல்லா நர்சையும் சிஸ்டர் என்பதைக் கேட்டால் பழைய ஆங்கிலேய நர்சுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

ஆனால் நைட்டிங்கேல் தான் கற்றுக்கொள்ளப் போன இடம் இங்கிலாந்தில் இல்லை. 1851-ல் ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் பக்கத்தில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் இருந்தார். அங்கே தியோடோர் ஃப்ளீட்னர் என்ற போதகரும் அவர் மனைவி ஃப்ரீடரிக்கேயும் 1836-ல் ஒரு வீடு தொடங்கியிருந்தார்கள். கல்யாணம் ஆகாத புராட்டஸ்டன்ட் பெண்களைச் சேர்த்து, நோயாளிகளைப் பராமரிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் பழக்கும் வீடு. அந்தப் பெண்களுக்கு டியாக்கோனிஸ்ஸே என்று பெயர்.

வேதாகமம் படிக்கிறவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பெபேயாள் என்ற பெண்ணை அறிமுகம் செய்கிறார். ஒரே வசனத்தில் அவளை நம்முடைய சகோதரி என்கிறார், சபையின் ஊழியக்காரி என்கிறார். அந்த ஊழியக்காரிக்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல்தான் டியாக்கோனோஸ். ஆக ஃப்ளீட்னரின் பெண்களுக்குப் பதவிப் பெயரும் கூப்பிடு பெயரும் ஒரே வசனத்தில் கிடைத்துவிட்டன. சிறுவயதிலிருந்து கேட்ட வசனம், ஆனால் என் வேலை அதில் இருப்பது பாசலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாசலில் ஆறாம் எண் டிராமில் ஏறினால் ஜெர்மன் எல்லைக்கு முந்தைய ஊர் ரீஹன். 1852-ல் அங்கே கைசர்ஸ்வெர்த் மாதிரியில் ஒரு டியாக்கோனிஸ்ஸே வீடு தொடங்கினார்கள். முன்னின்றவர் கிறிஸ்டியான் ஃப்ரீட்ரிக் ஷ்பிட்லர். நமக்கு இவர் முழு அந்நியர் இல்லை. 1815-ல் பாசல் மிஷன் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். மங்களூர் ஓட்டின் முதுகில் பாசல் மிஷன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். மலையாள அகராதி செய்த குண்டர்ட் அந்த மிஷனின் ஆள்தான். உலகத்துக்கு ஆண்களை அனுப்பிய ஊர், ரீஹனில் பெண்களைச் சேர்த்தது. முதல் தலைவி டிரினெட்டே பிண்ட்ஷேட்லர். அங்கே பழகிய பெண்கள் ஸ்விட்சர்லாந்தின் பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். இந்த நாட்டுக்காரர்கள் நர்சை ஷ்வெஸ்டர் என்று கூப்பிடப் பழகியது இப்படித்தான்.

அந்த வீட்டுக்கு ஜெர்மனில் முட்டர்ஹவுஸ் என்று பெயர். நேராகச் சொன்னால் தாய்வீடு. இந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நமக்குத் தாய்வீடு என்பது விட்டுவிட்டு வரும் இடம். அவர்களுக்கு அது போய்ச் சேரும் இடம். சேர்ந்த பெண்ணுக்குச் சாப்பாடு, துணி, தங்கும் அறை, நோய் வந்தால் வைத்தியம், வயதானால் பராமரிப்பு, கல்லறையில் ஓர் இடம் எல்லாம் தாய்வீடு தரும். கைச்செலவுக்குச் சிறு காசு தரும். சம்பளம் கிடையாது. எந்த மருத்துவமனையில் வேலை செய்தாலும் அந்த மருத்துவமனை தாய்வீட்டோடு ஒப்பந்தம் போட்டு, பணத்தைத் தாய்வீட்டுக்குக் கொடுக்கும். கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால் வெளியேறலாம், தடையில்லை. ஆனால் சகோதரியாக இருந்துகொண்டு செய்ய முடியாது.

இதை இன்றைக்கு இருந்துகொண்டு சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. அதற்கு முன் ஐரோப்பாவில் மருத்துவமனையில் நோயாளி பார்க்கிற பெண்ணுக்கு என்ன மதிப்பு இருந்தது? டிக்கன்ஸ் 1840களில் ஒரு நாவலில் சேரி கேம்ப் என்று ஒரு நர்சை எழுதினார். குடிகாரி, நோயாளியின் தலையணையை உருவித் தான் வைத்துக்கொள்கிறவள். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் அப்படி ஒருத்தியைத் தெரிந்திருந்தது. ஃப்ளீட்னர் தன் பெண்களுக்குக் கொடுத்த உடையைக் கவனித்தால் விஷயம் புரியும். கருநீல உடுப்பு, வெள்ளைத் தொப்பி. அது அக்காலத்தில் கல்யாணமான நடுத்தரக் குடும்பத்துப் பெண் போடும் உடை. கல்யாணம் ஆகாதவளுக்கு அதைப் போட்டுவிட்டால் அவள் தெருவில் தனியாக நடக்கலாம், அந்நிய ஆணின் கட்டிலருகே நிற்கலாம். ஊரில் இரவு டூட்டிக்குக் கடைசிப் பேருந்தில் போன நர்சுகளைக் கேளுங்கள், வெள்ளைத் தொப்பி என்ன வேலை செய்யும் என்று சொல்வார்கள்.

ஆனால் எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ரீஹன் தொடங்கி ஏழே வருடத்தில், 1859-ல், இதே நாட்டில் லொசானில் வலேரி தெ கஸ்பரின் என்ற பெண்மணி வேறொரு பள்ளியைத் தொடங்கினார். அவரும் பக்தியுள்ள புராட்டஸ்டன்ட், எழுத்தாளர். டியாக்கோனிஸ்ஸே வீடுகள் புராட்டஸ்டன்ட் சபைக்குள் பின்வாசல் வழியாக நுழையும் கன்னியர் மடங்கள் என்று கடுமையாக எழுதியவர். அவருடைய மாணவிகளுக்கு விரதம் இல்லை, சீருடை இல்லை, சகோதரி என்ற பட்டம் இல்லை. கல்யாணம் ஆனவளும் படிக்கலாம், விதவையும் படிக்கலாம். படித்து முடித்தால் தன் வேலைக்குத் தானே கூலி வாங்கலாம். நைட்டிங்கேல் பள்ளிக்கு ஒரு வருடம் முந்தியது இது. லா சூர்ஸ் என்ற பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. நர்சிங் பள்ளியில் நைட்டிங்கேலின் விளக்கை எங்களுக்குக் கொடுத்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுத்தோம். இந்த அம்மாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. கூலி கேட்டவர் என்பதாலோ என்னவோ.

இனி நம் ஊர். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-ல் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். நெய்யூர், நாசரேத் என்று தெற்கே மிஷன் மருத்துவமனைகள் ஏற்கெனவே இருந்தன. வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் நாற்காலியில் அப்போது பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்மணிதான் இருந்தார். நம் பெண்கள் நர்ஸ். கத்தோலிக்க மருத்துவமனைகளில் கன்னியாஸ்திரிகளும் சிஸ்டர். நம் ஜனங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் பொருட்டாகவே இல்லை. வெள்ளை உடை போட்டு ஊசியோடு வருகிறவள் எல்லோரும் சிஸ்டர் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆங்கிலேயர் வைத்திருந்த ஏணியை நோயாளிகள் தரையில் கிடத்திவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆரம்பக் கால நர்சுகளில் மிகப் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவப் பெண்கள். காரணம் பக்தி மட்டும் இல்லை. ரத்தம், மலம், பிணம், இரவு வேலை, அந்நிய ஆணின் உடம்பு, இவ்வளவையும் தொட வேண்டிய வேலைக்கு மற்ற வீடுகளில் பெண்ணை அனுப்பமாட்டார்கள். மிஷன் பள்ளியில் படித்த ஏழைப் பெண்கள், விதவைகள், அநாதைப் பிள்ளைகள் வந்தார்கள். என் அம்மாவின் சித்தி ஒருவர் அப்படி வந்தவர். ஊரில் ஒரு பெரிய வீட்டுக்குத் தினமும் போய் அந்த வீட்டு அம்மாவுக்கு ஊசி போட்டார். வாசலில் நின்று "வாங்க சிஸ்டர்" என்று உள்ளே கூட்டிப்போவார்கள், படுக்கை அறை வரைக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தார்கள். சித்திப்பாட்டி இதைக் கடைசிவரை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வராது. ஆனால் அந்தச் சொல் இல்லாவிட்டால் படுக்கை அறை வரைக்கும் கூடப் போயிருக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நர்சுக்குத் தமிழ்ச் சொல் தேடியவர்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் செவிலியர். சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்க்கும் செவிலித்தாயிடமிருந்து எடுத்தது. அழகான சொல்தான், ஆனால் பெண்பால். இன்று ஆண் செவிலியர் என்று ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறோம். வார்டில் அவர்களைப் பிரதர் என்று கூப்பிடுகிறோம், அதோடு பிரச்சினை தீர்ந்தது. இலங்கையில் தாதி. நம் ஊர்க் காதுக்குத் தாதி என்றால் வேலைக்காரி என்ற வாடை வரும். ஆனால் தமிழ் வேதாகமத்தில் ரெபெக்காளை வளர்த்த தெபொராளுக்கு அந்தப் பெயர்தான். அவள் செத்தபோது புதைத்த மரத்துக்கே அழுகையின் மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலைக்காரிக்கு அப்படி யார் அழுவார்கள்? பேச்சில் ஈழத்து மக்கள் மிஸி என்பார்கள். பாசலில் தமிழர் என்றால் பெரும்பாலும் அவர்கள்தான். நாற்பதைத் தாண்டி, இரண்டு பிள்ளை பெற்ற என்னைப் பெரியவர்கள் மிஸி என்று கூப்பிடும்போது, இது ஆங்கிலத்து மிஸ்ஸிலிருந்து வந்தது என்று விளக்கப்போனால் அடி விழும்.

இப்போது அந்த மூத்த நர்ஸ் சொன்னதற்கு வருகிறேன். அவரே பின்னர் ஒரு நாள் காபி குடிக்கும்போது விளக்கினார். பழைய நாளில் டாக்டரைக் குடும்பப் பெயர் சொல்லி ஹெர் டாக்டர் இன்னார் என்பார்கள். நர்சை ஷ்வெஸ்டர் என்று சொல்லி முதற்பெயரைச் சேர்ப்பார்கள், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதைப் போல. அதே வேலை செய்த ஆணுக்கு ஃப்ளேகர், அதாவது பராமரிப்பவர் என்று பெயர். அவரை யாரும் சகோதரன் ஆக்கவில்லை. ஆணுக்குத் தொழிலின் பெயர், பெண்ணுக்கு உறவின் பெயர். சகோதரி சம்பள உயர்வு கேட்பாளா? சகோதரி எட்டு மணி நேரம் முடிந்தது என்று கிளம்புவாளா? கஸ்பரின் அம்மா 1859-ல் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

2000களின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்து தொழிற்கல்வியைத் திருத்தியபோது டிப்ளமோவிலிருந்து சகோதரி போய்விட்டாள். ஜெர்மனியில் 2004-ல் சட்டமே பெயரை மாற்றியது. இப்போது நான் ஃப்ளேகஃபாக்ஃப்ராவ், பராமரிப்பு நிபுணப் பெண். சொல்வதற்கே ஒரு டிப்ளமோ வேண்டும். குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. ஆகவே வார்டு முழுக்க என்னை என் அப்பா பெயரைச் சொல்லி, முன்னால் ஃப்ராவ் போட்டு, மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

பெயர் மாறினால் கூலி மாறுமா? 2020 மார்ச்சில் இங்கே ஜன்னல்களிலும் பால்கனிகளிலும் நின்று எங்களுக்குக் கைதட்டினார்கள். அடுத்த வருடம் நவம்பர் 28 அன்று பராமரிப்புத் தொழிலுக்கான மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பயிற்சிக்குப் பணம், வேலைச் சூழலில் திருத்தம் என்பவை கோரிக்கைகள். 61 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆம் என்றதில் பாதி நடந்தது, வேலைச் சூழல் பகுதி பாராளுமன்றத்தில் மெதுவாக ஊர்ந்தது. இருந்தாலும், சகோதரிகளாக இருந்த காலத்தில் இப்படி ஒரு வாக்கெடுப்பைக் கேட்டிருப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நம் நாட்டிலும் பெயர் மாறியது. 2016-ல் மத்திய அரசு தன் மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்சை நர்சிங் ஆஃபீசர் ஆக்கியது, நர்சிங் சிஸ்டர் என்ற பதவி சீனியர் நர்சிங் ஆஃபீசர் ஆனது. அதற்கு அடுத்த வருடம், 2017 நவம்பரில், சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்சுகள் உட்கார்ந்தார்கள். தேர்வு எழுதி 2015-ல் வேலைக்கு வந்தவர்கள், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அந்தச் செய்திகளை நான் இங்கிருந்து பார்த்தேன். நோயாளிகளை விட்டுவிட்டு இப்படி உட்காரலாமா, இது சேவை அல்லவா என்று கேட்டவர்கள் பலர். ரீஹன் தாய்வீடு சம்பளம் தரவில்லை, ஆனால் சாகும்வரை சோறு போட்டது. இவர்களுக்குத் தாய்வீடும் இல்லை, சம்பளமும் இல்லை, சகோதரி என்ற பெயர் மட்டும் இருந்தது.

நான் கட்சி மாறிவிட்டேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெயர் அட்டையில் ஃப்ளேகஃபாக்ஃப்ராவ் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் மறதி நோய் முற்றிய சுவிஸ் பாட்டிகள் இரவு மூன்று மணிக்கு ஷ்வெஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களைத் திருத்த நான் போவதில்லை, அந்த மூத்த நர்சும் போவதில்லை.

எங்கள் வார்டில் ஒரு தமிழ்ப் பையன் வேலை செய்கிறான். இங்கேயே பிறந்தவன், ஆறடி உயரம், தாடி. போன மாதம் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் வந்து சேர்ந்தார். படித்த ஜெர்மன் எல்லாம் மறந்துபோய்விட்டது. அவனைப் பார்த்து, "மிஸி, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார். நான் கதவருகே நின்று, இவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். "ஓம் அம்மம்மா, இந்தா கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் குவளையை எடுக்கப் போனான்.